தொம்பை: தேரில் தொங்கும் துணித்தூண்

தேரின் மேற்கட்டைத் தேர்ச்சீலையால் போர்த்தியபின் அதன் விளிம்புகளில் தொங்கவிடப்படும் உருளை வடிவ அணியே தொம்பை. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரக் கைவினைஞர்கள் செய்துவரும் இது, அடித்துணியின்மேல் வேறு நிறத் துணிகளை யாளியாகவும் தாமரையாகவும் வெட்டி வைத்துத் தைக்கும் ஒட்டுவேலையைச் சார்ந்தது. ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்கள், கையால் சுழற்றும் தையல் இயந்திரத்தைக்கொண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்த ஒட்டுத்துணிக் கலையோ வேறு வழியில் செல்கிறது. அங்கே வண்ணப் பட்டைகளை விளிம்போடு விளிம்பு இணைத்து, குறுக்கே நறுக்கி, நறுக்கியவற்றைச் சற்று நகர்த்தி மீண்டும் தைப்பர்.

தொம்பையின் வியப்பு அதன் உருளை வடிவத்தில் இருக்கிறது. 8 அங்குல வளையத்தைச் சுற்ற ஏறத்தாழ 25 அங்குலத் துணி வேண்டும் என்றாலும், எந்தப் பக்கம் நின்று நோக்கினும் 8 அங்குல அகலமே கண்ணுக்குப் புலப்படும். அதிலும் ஓரங்கள் வளைந்து ஒடுங்கிவிடுவதால், பரப்பி வைத்தபோது அழகாயிருந்த அகன்ற உருவம் தொங்கவிட்டதும் பாதி மறைந்துபோகும். ஆகவே ஒடுங்கிய உருவங்களை இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் வைப்பதும், கீழே நிற்போருக்குத் தெரியுமாறு நிறங்களைப் பெரும் பரப்புகளாகப் பிரிப்பதும் பொருத்தமாகும். நுண்ணிய வேலைப்பாடு அத்தனை உயரத்தில் வீணே.

வீட்டில் பழக விரும்புவோர் சிவப்புத் துணியை முன்னரே அலசிச் சாயம் போக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பின்னாளில் நனையும்போது வெள்ளைத் தாமரை இளஞ்சிவப்பாகிவிடும். உருவத்தின் விளிம்பைக் கால் அங்குலம் உள்மடித்து, வளைவுகளில் சிறு வெட்டுகள் கொடுத்து, நெருங்கிய தையலால் பதித்தபின்னரே, துணியை உருளையாக மூட்டி, மேலும் கீழும் கம்பி வளையங்களைக் கோக்க வேண்டும். சட்டைக்கையை மூட்டியபின் அதில் பூ தைக்க முயன்றோர் இவ்வரிசையின் காரணத்தை உடனே உணர்வர்.

அச்சிட்ட செயற்கை இழைத் துணியை உருளையாகச் சுருட்டி அதையே தொம்பை என்று மாட்டுவது, விலை குறைவு என்பது தவிர வேறு எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. செய்யாற்றங்கரை மாகறலிலும் உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களிலும் ரவிக்கை தைப்போரிடம் பட்டும் பருத்தியுமாகத் துண்டுகள் மிஞ்சுகின்றன. ஊர்த் திருவிழாவுக்கு ஓரிணைத் தொம்பை தைக்க அவை போதும்; அவற்றைக் குப்பையில் கொட்டுமுன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க.