தலை விழுந்த பிறகு

மெக்சிகோவின் எல்லைப் பாடல்களைப் போலத் திருப்பதி கங்கம்மா கதையிலும் ரத்தம் சிந்துகிறது. யார் சிந்திய ரத்தம் கதையாகிறது என்பதுதான் கேள்வி.

பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கூடவே முறுக்கிய மீசை. ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு வாரம் திருப்பதியின் பழைய தெருக்களில் இப்படிப்பட்ட 'பெண்கள்' கூட்டம் கூட்டமாக நடமாடுகிறார்கள். ஏழுமலையானின் தங்கையாகக் கருதப்படும் தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரை அது. மொட்டையடித்துக்கொண்டு ஊர் திரும்பும் பக்தர்கள் பலருக்கு இது தெரியாது. இந்தத் திருவிழாவின் மையத்தில் இருப்பது ஒரு கொலை.

கதை எளியது. ஊரை ஆண்ட பாளையக்காரன் அழகான பெண்களை விட்டுவைப்பதில்லை. கங்கம்மாவின் மீதும் கை வைக்கத் துணிந்தான். அவள் சுயரூபம் காட்டியதும் ஓடி ஒளிந்தான். பைராகி, பண்டா, தோட்டி என்று நாளுக்கொரு வேடத்தில் அவள் தேடினாள். கடைசியில் துரையாக வந்தாள். தன்னைவிடப் பெரிய அதிகாரத்துக்கு வணக்கம் சொல்ல அவன் வெளியே வந்தான். தலை உருண்டது.

இந்த வேடங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கைகலா குடும்பத்து ஆண்கள் தாங்குகிறார்கள். பைராகி நாளில் பக்தர்கள் உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு. தோட்டி நாளில் கரி. கெட்ட வார்த்தைக்கும் அப்போது தடையில்லை. சித்தூர் வட்டாரத்துக்கு இதெல்லாம் புதிதல்ல. இங்குள்ள தருமராஜா கோயில்களில் பாரதத் திருவிழாவின் முடிவில், தரையில் படுத்திருக்கும் பிரம்மாண்டமான மண் துரியோதனனின் தொடை பிளக்கப்படுகிறது.

நாட்டுப்புறக் கதை வன்முறையை ரசிக்கிறதா, நியாயம் கேட்கிறதா? மெக்சிகோவின் 'கொரிதோ' பாடல்கள் பற்றியும் இதே சர்ச்சை உண்டு. 1901இல் டெக்சாசில் ஒரு குதிரை விசாரணையில் மொழிபெயர்ப்பு பிசகியது. ஷெரீப் ஒருவர் சுட்டார். அவரைத் திருப்பிச் சுட்ட கிரிகோரியோ கோர்த்தெஸ் பாட்டுடைத் தலைவனானார். பிற்காலத்தில் அதே மெட்டுகளில் போதைக் கடத்தல்காரர்கள் நாயகர்களானார்கள். அத்தகைய பாடல்களால் புகழ்பெற்ற சலினோ சாஞ்செஸ் 1992இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆக, நாயகன் யார் என்பது பாடுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 1799இல் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரர் கட்டபொம்மன் தெற்கே கதைப்பாடலின் வீரர். திருப்பதியிலோ பாளையக்காரன் பெண்களைச் சூறையாடிய காமுகன். பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து கதை சொல்லப்படுகிறது.

இன்று அந்த இடத்துக்குச் சினிமா வந்திருக்கிறது. 2024இல் வெளியான 'புஷ்பா 2' படத்தில் செம்மரக் கடத்தல் நாயகன் புடவை கட்டி ஜாத்திரையில் ஆடுகிறான். கூலியாகத் தொடங்கித் தாதாவானவன் அவன். நிஜத்தில் கூலிகள் தாதாவாவதில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கியதால் சுட்டதாகச் சொன்னது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டதாகக் குற்றம் சாட்டின மனித உரிமை அமைப்புகள்.

கங்கம்மா கதையில் சினிமா எடுத்துக்கொள்ளாத பகுதி ஒன்று உண்டு. தலை விழுந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. மறுநாள் மாதங்கி வேடத்தில் அவள் புறப்படுவது, கொல்லப்பட்டவனின் மனைவிக்கு ஆறுதல் சொல்ல. செத்தவன் கொடியவன்; ஆனாலும் அவன் வீட்டில் அழுகிறவளைக் கதை மறக்கவில்லை.

சேஷாசலத்தில் விழுந்தவர்கள் கொடியவர்களும் அல்ல, கூலிக்குப் போனவர்கள். அவர்களுடைய வீடுகளுக்கு எந்த மாதங்கி போவாள்?