முதலில் தீர்வது கால்சியம் அல்ல

மான்கொம்புப் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து எடுப்பவை கால்சியமும் கார்பனேட்டும். கடலில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. 300 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அப்படியல்ல; பவளம் வளர வளர இருப்பு கரைந்துகொண்டே போகும்.

எது முதலில் தீரும்? கால்சியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மி.கி. கால்சியம் உண்டு. கார்பனேட், பைகார்பனேட் இருப்பை ஆல்கலினிட்டி என்ற அளவால் குறிப்பார்கள். தொட்டி வளர்ப்பவர்களுக்கு அது டிகிரிக் கணக்கு. கடலில் ஏறக்குறைய 7. தொட்டியில் 7 முதல் 11 வரை வைத்திருப்பார்கள். பவளம் லிட்டருக்கு 20 மி.கி. கால்சியத்தை எடுத்துக்கொண்டால், கூடவே 2.8 டிகிரி ஆல்கலினிட்டியும் குறையும். கால்சியத்தில் அது நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை. 8 டிகிரி உள்ள தொட்டியிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது!

ஆகவே அடிக்கடி அளக்கவேண்டியது ஆல்கலினிட்டியைத்தான். சாதாரணச் சோதனைப் பெட்டி ஒன்றில் 5 மி.லி. தொட்டி நீரைச் சிறு குழாயில் எடுத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கவேண்டும். எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறதோ, அத்தனை டிகிரி. நேற்று 9, இன்று 8 என்றால் ஒரு நாள் செலவு 1 டிகிரி. அதை நாள்தோறும் ஈடுகட்டினால் போதும். எண் 8-ஆ 9-ஆ என்பது பெரிய விஷயமில்லை, அது ஆடாமல் நிற்கவேண்டும். குறைந்துவிட்டதே என்று பதறி ஒரே நாளில் 7-இலிருந்து 11-க்கு ஏற்றினால், கிளை நுனியில் தசை அழிந்து வெள்ளை எலும்பு தெரிவதுண்டு.

மக்னீசியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கால்சியமும் கார்பனேட்டும் கடல்நீரில் படிந்துவிடும் அளவைத் தாண்டியே கரைந்திருக்கின்றன. ஆனாலும் படிவதில்லை, முளைவிடும் படிகத்தின்மேல் மக்னீசியம் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது. லிட்டருக்கு 1,300 மி.கி. அளவில் அது இல்லாவிட்டால், நாம் சேர்ப்பதெல்லாம் ஹீட்டரிலும் மோட்டாரிலும் சுண்ணாம்பாக அப்பிக்கொள்ளும்.

ஈடுகட்டும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, தொட்டி வளர்ப்பாளர் பீட்டர் வில்கன்ஸ் பரப்பிய சுண்ணாம்புத் தெளிநீர் முறை. உப்பு நீக்கிய நன்னீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் கலப்பற்ற கால்சியம் ஹைட்ராக்சைடைக் கலக்கித் தெளியவிடுவார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஆகாது. தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு அங்கேயே தங்கும்; அந்தக் குறையை இந்தத் தெளிநீரால் நிரப்பினால், பவளம் எடுத்த அதே விகிதத்தில் இரண்டு பொருளும் திரும்பி வந்துவிடும். ஆனால் இதன் பிஎச் 12-க்கு மேல். சொட்டுச் சொட்டாகத்தான் விழவேண்டும், அதுவும் இரவில். விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்று, கரியமில வாயு சேர்ந்து, தொட்டியின் பிஎச் இறங்கும் நேரம் அது. பாத்திரத்தை மூடியே வைக்கவேண்டும். பள்ளி ஆய்வகத்தில் ஊதினால் பால்போல் வெளுக்கும் அதே நீர்தான் இது. திறந்திருந்தால் காற்றுப்பட்டு மேலே வெள்ளை ஏடு படிந்து வீணாகும்.

நாம் சுண்ணாம்பு கொடுத்துப் பவளம் வளர்க்கிறோம்; மன்னார் வளைகுடாவிலோ பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பாக்கிய காலம் உண்டு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி தீவுகள் மூழ்கியதில் அதற்கும் பங்குண்டு. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். தொட்டி ஆசைக்காக அந்தச் சட்டத்தை மீறக் கூடாது.

தொட்டியின் கணக்கு கடலுக்கும் பொருந்துகிறது. அரிசோனாவில் பயோஸ்பியர் 2 வளாகத்தின் செயற்கைக் கடலில் கிறிஸ் லாங்டன் குழு நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. கால்சியமும் கார்பனேட்டும் கூடக் குறைய, பவளத்திட்டின் சுண்ணாம்புப் படிவும் கூடிக் குறைந்தது. 2014-இல் கென் கால்டெய்ரா, ரெபெக்கா ஆல்பிரைட் குழு ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில், இயற்கையான பவளத்திட்டின்மேல் ஓடும் நீரிலேயே சோடியம் ஹைட்ராக்சைடு கலந்தது. கரியமில வாயு இந்த அளவுக்குக் கரையாத, தொழிற்புரட்சிக்கு முந்தைய கடலின் நிலைக்கு அருகே நீரைக் கொண்டுவந்தபோது சுண்ணாம்புப் படிவு சுமார் 7 சதவீதம் உயர்ந்தது. இன்றைய கடல்நீரில் அந்தத் திட்டு இழந்து நிற்கும் வளர்ச்சி அது.