கோள்களும் கதைகளும் – 9: எழுதாத கதைக்கு வந்த கடிதம்

1948 நவம்பர் மாத ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழில் ஒரு வாசகர் கடிதம் வெளியானது. எந்தக் கதை முதலிடம், எது அதற்கு அடுத்தது என்று வரிசைப்படுத்தி எழுதுவது அந்தப் பத்திரிகை வாசகர்களின் வழக்கம். இந்த வாசகரும் அதைத்தான் செய்திருந்தார். ஆனால் அவர் வரிசைப்படுத்தியது 1949 நவம்பர் இதழை! அந்த இதழ் வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதிலுள்ள கதைகளுக்கெல்லாம் தலைப்பை அவரே வைத்திருந்தார்.

எழுத்தாளர் பெயர்களை மட்டும் அவர் கற்பனை செய்யவில்லை. ஆன்சன் மெக்டொனால்ட், வான் வோட், லெஸ்டர் டெல் ரே, ஸ்ப்ரேக் டி கேம்ப், தியடோர் ஸ்டர்ஜன், டான் ஏ. ஸ்டுவர்ட் என்று அவர் எழுதியதெல்லாம் அந்தப் பத்திரிகையில் எழுதியவர்களின் பெயர்கள். கதை இல்லாமலேயே பாராட்ட முடிந்தது. ஆள் இல்லாமல் முடியவில்லை. இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யும்போது படித்து முடித்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம். ஓர் எழுத்தாளரைச் சிபாரிசு செய்யும்போது அவர் இனிமேல் எழுதப்போவதற்கும் சேர்த்து ஜாமீன் நிற்கிறோம்.

அறிவியல் புனைவிலும் மாயப் புனைவிலும் இந்த ஜாமீன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. குடும்பக் கதையின் முதல் பக்கத்திலேயே நமக்கு வீடு தெரியும், தெரு தெரியும். இங்கே முதல் இருபது பக்கம் எந்தக் கிரகம், யார் மனிதர், எத்தனை சூரியன் என்று ஒன்றும் பிடிபடாது. அந்த இருபது பக்கத்தையும் பொறுமையாகக் கடப்பது எழுத்தாளர் மேலுள்ள நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கையைப் பெரும்பாலும் இன்னொரு வாசகர்தான் நமக்குக் கொடுக்கிறார்.

அமெரிக்காவில் இது ஆரம்பத்திலேயே நடந்தது. லக்சம்பர்க்கிலிருந்து வந்து குடியேறிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழைத் தொடங்கினார். முதல் இதழில் கையிருப்பு வெர்ன், வெல்ஸ், போ போன்றோரின் பழைய கதைகள்தான். அடுத்த வருடம் வாசகர் கடிதப் பகுதியைத் திறந்தபோது எழுதியவர்களின் முகவரியையும் சேர்த்து அச்சிட்டார். அவ்வளவு போதுமாக இருந்தது. ஒரே ரசனை உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதிக்கொண்டார்கள், சங்கங்கள் அமைத்தார்கள், சொந்தமாகச் சிற்றிதழ் போட்டார்கள். கெர்ன்ஸ்பாக்கின் பெயரால் 1953 முதல் வழங்கப்படும் ஹ்யூகோ விருதை நடுவர் குழு தீர்மானிப்பதில்லை. உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

‘அஸ்டவுண்டிங்’ ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் இன்னும் ஒரு படி மேலே போனவர். வாசகர்கள் அனுப்பும் தரவரிசையைக் கூட்டிக் கணக்கிட்டு, எந்தக் கதைக்கு என்ன இடம் என்று இதழிலேயே வெளியிட்டார். அப்படிப்பட்டவர் எதிர்காலத்திலிருந்து வந்த கடிதத்தைச் சும்மா விடுவாரா? அதில் சொல்லியிருந்த எழுத்தாளர்களைப் பிடித்து, அதே தலைப்புகளில் கதை எழுதி வாங்கினார். 1949 நவம்பர் இதழ் வந்தபோது வான் வோட், டெல் ரே, டி கேம்ப், ஸ்டர்ஜன் எல்லோரும் அதில் இருந்தார்கள். டான் ஏ. ஸ்டுவர்ட் மட்டும் இல்லை. அது கேம்ப்பெல்லின் சொந்தப் புனைபெயர். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் கதை எழுதுவதை அநேகமாக நிறுத்திவிட்டார். வாசகர் கேட்காத ஒன்றும் அந்த இதழில் தொடங்கியது: ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் ஒரு தொடர்.

ஆன்சன் மெக்டொனால்ட் என்பதும் புனைபெயர்தான். அதற்குப் பின்னால் இருந்தவர் ராபர்ட் ஹைன்லைன். வாசகர் அவருக்கு ஒதுக்கிய தலைப்பு ‘கல்ஃப்’. அதற்கு என்ன கதை எழுதலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அவர் மனைவி வர்ஜீனியா ஒரு யோசனை சொன்னார்: ஓநாய்கள் வளர்த்த மௌக்லியைப் போல, செவ்வாய்க் கிரகவாசிகள் வளர்த்த மனிதக் குழந்தை. சிறிய கதைக்கு அது தாங்காது என்று ஹைன்லைன் எடுத்து வைத்துவிட்டு, ‘கல்ஃப்’புக்கு வேறொரு கதை எழுதினார். எடுத்து வைத்ததுதான் 1961-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ ஆகி, மறு வருடம் ஹ்யூகோ வாங்கியது. எங்கோ இருந்த வாசகர் தன் பிரிய எழுத்தாளரின் பெயருக்கு எதிரே ஒரு தலைப்பை எழுதியதன் விளைவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

அந்தக் கடிதத்தை நான் கொண்டாடுகிறேன். ஆனாலும் அந்தப் பெயர்களைத் திரும்பப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. நான் மேலே சொன்ன ஆறு பெயரிலும் ஒரு பெண் இல்லை. சி. எல். மூரின் ‘நோ வுமன் பார்ன்’ 1944-இல் இதே பத்திரிகையில் வந்திருந்தது. தீயில் கருகிய நடனக்காரி உலோக உடம்போடு மேடைக்குத் திரும்பும் அந்தக் கதை இன்றைக்கும் பழசாகவில்லை. நமக்குத் தெரிந்தவர்களைத்தான் சிபாரிசு செய்கிறோம். சிபாரிசு பெற்றவர்கள் மேலும் தெரிந்தவர்கள் ஆகிறார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாவலுக்கான ஹ்யூகோ ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1970 ஆகிவிட்டது. அதை வாங்கியவர் உர்சுலா லெ குவின்.

யாராவது என்னிடம் கேட்டால் முதலில் லெ குவின் பெயரைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பரிசு நாவலான ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ஸைக் கையில் கொடுக்க மாட்டேன். அதன் பனி உலகத்துக்குள் நுழையப் பழக்கம் வேண்டும். 1968-இல் வந்த ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ சிறிய புத்தகம், அதில் தொடங்கலாம். விண்கலமும் வேண்டாம், மந்திரவாதியும் வேண்டாம் என்பவருக்கு ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’. 1976-இல் கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு கறுப்பினப் பெண், அடிமை முறை இருந்த காலத்து மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். எப்படி இழுக்கப்படுகிறாள் என்பதற்குப் பட்லர் எந்த விளக்கமும் தருவதில்லை. படிக்கும்போது கேட்கவும் தோன்றாது. புதியவருக்கு எழுத்தாளர் பெயரோடு எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பதையும் சொல்லுங்கள். தவறான புத்தகத்தில் தொடங்கி, ஒரு நல்ல எழுத்தாளரையே ஒதுக்கிவிட்டவர்கள் நிறையப் பேர்.

அந்த எதிர்காலக் கடிதம் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, 1948 ஜூன் ‘அஸ்டவுண்டிங்’கில் அணுக்கதிர்வீச்சுக் காலத்துத் தாய் ஒருத்தியைப் பற்றி ஜூடித் மெரில் ஒரு கதை எழுதியிருந்தார். பிற்பாடு வருடா வருடம் சிறந்த கதைகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுப்புகள் கொண்டுவந்தவரும் அவரே. அடுத்த வாரம் அவரைப் பற்றி.