வாரக் கடைசியிலும் வெண்டை பறிப்பதன் அநுகூலங்கள்

இந்திய இஸ்ரேலியக் கூட்டு முயற்சியாலான காய்கறி மகத்துவ மையம் அமைந்துள்ள ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிச் சாகுபடி முக்கியமானது. இங்கு வெண்டை பயிரிடும் குடியானவர்கள் சனி, ஞாயிறுகளில் பறிப்பை நிறுத்துதல் கூடாது. விதைத்த சுமார் 45 நாட்களில் பறிப்புத் தொடங்கும். பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை பறித்துவிட்டுத் திங்கள்வரை வாளாவிருந்தால், காய்கள் முற்றி நாரோடும், விலையும் இறங்கும். அன்றியும், முற்றுங்காய்கள் செடியின் சத்தைத் தம் விதைக்கே இழுத்துக்கொள்வதால், புதிதாய்ப் பூத்துக் காய்ப்பது குறைந்துபோம். ஞாயிறன்று காலையிற் பறித்துவிட்டால் இவ்விரு நஷ்டங்களும் நீங்கும்.

ஆயினும், ஓய்வில்லா ஆளுக்குக் கையும் கண்ணும் சோர்ந்து, முற்றற்காய் இளங்காயுடன் கலந்துவிடும். ஆதலால், ஞாயிறன்று பறித்தவர்களுக்கு வாரத்தில் வேறொரு நாளை முறைவைத்து ஓய்வாக அளித்தல், குடியானவருக்கும் வேலையாளுக்கும் ஒருங்கே க்ஷேமமாகும்.