கிரான்மியர் குளத்தின் கதை

நீர் உள்ள குளத்துக்குப் புகழ் உண்டாவது இயல்பு. நீர் அனைத்தும் போய், வெறும் பள்ளமாகிவிட்ட ஒரு குளத்தை நாடி மக்கள் நாள் முழுதும் நடந்து செல்வது வியப்புக்குரியது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் உள்ள டெவன் மாவட்டத்தில் அத்தகைய குளம் ஒன்று உள்ளது. கிரான்மியர் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றையும், அதைப் பற்றி வழங்கும் கர்ண பரம்பரைக் கதையையும் இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறேன். நீர்நிலைகளைக் காப்பதும் பொதுப் பணத்தைக் காப்பதும் தம் கடமையாகக் கொண்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கு இதில் சிந்திக்கத்தக்க செய்தி உண்டு.

இடமும் இயல்பும்

டெவன் மாவட்டத்தின் நடுவே டார்ட்மூர் என்னும் மேட்டு நிலம் அமைந்திருக்கிறது. 'மூர்' என்பது, மரங்கள் அரிதாகவும் புல்லும் புதரும் சதுப்பும் மிகுதியாகவும் உள்ள உயர்ந்த வெளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அடியில் கருங்கல் பாறை. அதன்மீது உயர்ந்த பகுதிகளில் 'பீட்' எனப்படும் கரிய மக்கு மண். இப்பிரதேசம் 1951-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்காவின் பரப்பு 368 சதுர மைல்.

டார்ட்மூரின் வடபகுதியே மிக உயர்ந்தது. மனித வாடை குறைந்தது. அங்கே கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,800 அடி உயரத்தில் கிரான்மியர் குளம் இருக்கிறது. வடக்கே ஓக்ஹாம்டன் என்னும் சிற்றூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 6 மைல். ஆனால் அந்த நிலத்தில் நேர்க்கோட்டில் நடப்பது எவருக்கும் இயலாது. சதுப்பைச் சுற்றியும், நீர் அரித்த பள்ளங்களில் இறங்கி ஏறியும் செல்ல வேண்டும். மூடுபனி சில நிமிடங்களில் கவிந்து திசையை மறைத்துவிடும். மேலும் அவ்விடம் இராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி எல்லைக்குள் இருக்கிறது. பயிற்சி நாட்களில் குன்றுகளின் மேல் சிவப்புக் கொடி ஏற்றப்படும். அப்பொழுது எவரும் உள்ளே செல்லலாகாது.

இவ்வளவு ஒதுங்கிய இடமாயினும், அம்மாவட்டத்து ஆறுகளுக்கெல்லாம் அது தாய்வீடு எனலாம். மேற்கு ஓக்மென்ட் ஆறு கிரான்மியரிலேயே தொடங்குகிறது. டா ஆறும் கிழக்கு டார்ட் ஆறும் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்குள் பிறக்கின்றன. டேவி, டீன் ஆகிய ஆறுகளின் தலைப்பும் அதற்குச் சற்று அப்பால்தான். இவற்றுள் டாவும் ஓக்மென்டும் வடக்கு நோக்கிச் சென்று ஒரு கடலையும், மற்றவை தெற்கு நோக்கிச் சென்று வேறொரு கடலையும் அடைகின்றன. ஒரே மேட்டில் அருகருகே விழுந்த இரு மழைத்துளிகள், நாட்டின் இரு வேறு கரைகளில் போய்ச் சேர்கின்றன.

குளம் போன விதம்

'மியர்' என்றால் ஏரி என்று பொருள். முற்பகுதியான 'கிரான்' என்பது கொக்கினத்தைச் சேர்ந்த ஒரு பறவையைக் குறிக்கும் என்பர் சிலர். காகத்தைக் குறிக்கும் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், நீர் நின்ற இடம் என்பதைப் பெயரே சொல்லுகிறது.

அக்குளத்துக்குக் கல் கரை இல்லை, மதகும் இல்லை. மழை நீர் தங்கிய தாழ்ந்த இடத்தைச் சுற்றி நின்ற பீட் மண்ணே அதன் கரை. டார்ட்மூரின் உயர்ந்த பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 80 அங்குல மழை பெய்கிறது. ஆகவே நீர் வரத்துக்குக் குறைவில்லை. கரை ஓரிடத்தில் திறந்துபோனதும், தேங்கிய நீர் ஓடையின் வழியே இறங்கிவிட்டது. அதன்பின் எவ்வளவு மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பெரும் பாடுபட்டு அங்கே சென்ற யாத்திரிகர்கள், அகன்ற ஏரியைக் காணும் ஆவலோடு போய், கரிய பள்ளத்தைக் கண்டு ஏமாந்து திரும்பினர். நீர் வரத்து எவ்வளவு பெரிதாயினும் கரை ஓரிடத்தில் போனால் குளம் முழுவதும் போயிற்று என்னும் உண்மையை, குளத்தை நம்பி வாழும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சல்லடையால் நீர் இறைத்தவன்

குளம் வற்றியதற்கு ஓக்ஹாம்டன் மக்கள் வேறொரு காரணம் சொல்லி வந்தனர். அதுவே பெஞ்சமின் கேயரின் கதை.

கேயர் என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த வணிகர், நகரசபைத் தலைவராகவும் இருந்தவர், 1701-இல் காலமானவர். இதுவரை சரித்திரம். இனிக் கதை. அவர் உயிரோடிருந்தபோது பெரும் பிழை ஒன்றைச் செய்தாராம். ஆடு திருடினார் என்று ஒரு சாரார் சொல்லுவர். கடற்கொள்ளைக்காரரிடம் சிறைப்பட்ட மாலுமிகளை மீட்பதற்காக ஊரார் திரட்டிய பணத்தைத் தம் சொந்த நஷ்டத்துக்கு ஈடாக எடுத்துக்கொண்டார் என்று மற்றொரு சாரார் சொல்லுவர். இறந்த பின் அவருடைய ஆவி அடங்காமல் ஊரை அலைக்கழித்தது. அதை அடக்கப் பாதிரிமார் பலர் கூடினர். ஒருவர் பின் ஒருவராக ஓதியும் ஆவி அசையவில்லை. கடைசியாக ஒருவர் அரபு மொழியில் பேசினார். அந்தக் கல்விக்குத் தான் ஈடில்லை என்று ஆவி பணிந்தது.

பணிந்த ஆவியை என்ன செய்வது? இங்கும் கதை இரண்டாகப் பிரிகிறது. அதைக் கரிய குதிரைக் குட்டியாக மாற்றி, ஒரு பையனை ஏற்றி, நேரே கிரான்மியருக்கு ஓட்டச் செய்தனர். குளக்கரையில் பையன் கடிவாளத்தைக் கழற்ற, குட்டி நீரில் பாய்ந்து மறைந்தது என்பது ஒன்று. மற்றொன்றில், ஆவிக்கு ஒரு வேலை விதிக்கப்பட்டது. கையில் ஒரு சல்லடையைக் கொடுத்து, கிரான்மியர் குளத்து நீர் முழுவதையும் இறைத்து முடித்தால் விடுதலை என்றார்கள். சல்லடையால் நீர் இறைப்பது எந்தக் காலத்தில் முடியும்? முடியாத வேலையைக் கொடுத்தால் ஊருக்கு நிம்மதி என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பல காலம் வீணாக இறைத்த கேயர், ஒரு நாள் மேட்டில் செத்துக் கிடந்த ஆட்டைக் கண்டார். அதன் தோலை உரித்துச் சல்லடையின் உள்ளே விரித்தார். பிறகு என்ன? நீர் தங்கியது, வேலை விரைந்தது. இறைத்த நீர் பெருவெள்ளமாக இறங்கி ஓக்ஹாம்டன் ஊரையே சூழ்ந்துவிட்டது!

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. கிரான்மியரில் பிறக்கும் மேற்கு ஓக்மென்ட் ஆறு மலைச்சரிவில் இறங்கி ஓக்ஹாம்டன் ஊருக்குத்தான் வருகிறது. மேலே குளம் உடைந்தால் கீழே எந்த ஊர் முழுகும் என்பதைக் கதை சொன்னவர்கள் பிழையின்றி அறிந்திருந்தனர். நில அளவைப் படம் கையில் இல்லாத மக்கள், நீரோட்டத்தின் அறிவைக் கதையாகவே மனத்தில் வைத்துக் காத்து வந்தார்கள்.

இதைப் போன்ற கதை அண்டை மாவட்டமான கார்ன்வாலிலும் உண்டு. பாட்மின் மூர் என்னும் மேட்டில் உள்ள டோஸ்மரி குளத்தை, ஓட்டை விழுந்த சிப்பியால் இறைக்குமாறு ஜான் டிரிகீகிள் என்பவரின் ஆவி விதிக்கப்பட்டதாகச் சொல்லுவர். ஏழைகளை வருத்திச் சொத்துச் சேர்த்த காரியஸ்தர் என்று கதை அவரைக் கூறுகிறது. டோஸ்மரிக்கு அடியே இல்லை என்பது பழைய நம்பிக்கை. 1859-இல் கடும் வறட்சியில் அக்குளம் வற்றிப்போக, அடி தெரிந்துவிட்டது; நம்பிக்கை மட்டும் போகவில்லை.

இரு கதைகளிலும் தண்டனை பெறுவோர் யாவர் என்பதை நோக்குக. ஒருவர் ஊர்த் தலைவர்; மற்றவர் காரியஸ்தர். எளியவர் எவரும் இல்லை. பொதுக் காரியத்தில் நம்பிக்கைக்கு உரியவராக இருந்து நம்பிக்கையைக் கெடுத்தோரையே மக்கள் இவ்வாறு நினைவில் நிறுத்தியுள்ளனர். சட்டத்துக்குத் தப்பினாலும் ஊர் வாய்க்குத் தப்ப முடியாது என்பது இதன் கருத்து. அதே சமயம், கதை தீர்ப்பன்று என்பதையும் மறத்தலாகாது. ஆடா, பணமா என்பதிலேயே கதைகள் முரண்படுகின்றன. தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல மறைந்த மனிதரால் வர இயலாது. கணக்கு தெளிவாக எழுதப்பட்டு, எல்லோரும் காண வைக்கப்பட்டிருக்கும் ஊரில் இத்தகைய கதை பிறக்க இடமில்லை. அது ஊருக்கும் நல்லது, தலைவருக்கும் நல்லது.

கற்குவியலில் வைத்த குப்பி

குளம் வறண்டும் அதன் புகழ் வளர்ந்ததற்கு மற்றொரு காரணம் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. சாக்போர்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் பெரட் என்றொரு வழிகாட்டி இருந்தார். மேட்டைக் காண வருவோரை அழைத்துச் செல்வது அவர் தொழில். 1854-ஆம் ஆண்டில் அவர் கிரான்மியரில் கற்களைக் குவித்து, அதனுள் ஒரு குப்பியை வைத்தார். அங்கு வந்து சேர்ந்தவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் சென்றனர். வந்ததற்கு அதுவே சாட்சி.

பின்னர் குப்பிக்குப் பதில் தகரப் பெட்டி வந்தது. 1905-இல் வருகையாளர் கையெழுத்திடப் புத்தகம் வைக்கப்பட்டது. 1937-இல் கல்லாலான பெட்டி கட்டப்பட்டது. ஒருவர் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையைப் பெட்டியில் இட்டு வருவார். அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று தம் ஊரில் தபாலில் சேர்ப்பார். முன்பின் அறியாத இருவரிடையே நம்பிக்கை ஒன்றே தூதாக நின்றது. இவ்வழக்கம் 'லெட்டர் பாக்ஸிங்' என்னும் பொழுதுபோக்காகப் பரவி, இன்று டார்ட்மூர் முழுவதும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. செலவில்லாத ஒரு சிறு முயற்சி, வறண்ட பள்ளத்தை ஒரு தேசம் அறிந்த இடமாக்கியது.

பீட் மண்ணும் நீரும்

கிரான்மியரைச் சுற்றியுள்ள பீட் மண்ணின் இயல்பை விவசாயிகள் அறிந்துகொள்வது பயனுடையது. எப்போதும் ஈரமான குளிர்ந்த நிலத்தில், 'ஸ்பாக்னம்' என்னும் பாசியும் பிற செடிகளும் இறந்தபின் முழுவதும் மக்குவதில்லை. நீரில் காற்றுப் புகாமையால் அவை அடுக்கடுக்காகத் தங்கிவிடுகின்றன. அதுவே பீட். அது வளரும் வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆகவே ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டு வேண்டும். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீரே.

பீட் நிலம் பஞ்சைப் போல மழையை உறிஞ்சிக் கொள்ளும் என்று சொல்லுவதுண்டு. இது முழு உண்மையன்று. ஏற்கெனவே நீர் நிறைந்த பஞ்சு மேலும் எவ்வளவு உறிஞ்சும்? உண்மையில், பாசி அடர்ந்த கரடுமுரடான மேற்பரப்பு ஓடும் நீரைத் தடுத்து மெதுவாக்குகிறது. அதுவே அதன் சேவை. நிலத்தில் கால்வாய் வெட்டினால், அல்லது நீர் அரித்துப் பள்ளமானால், மழை நீர் விரைந்து ஓடுகிறது. வறண்ட பீட்டில் காற்றுப் புகுந்து, ஆயிரம் ஆண்டு சேர்ந்தது கரியமில வாயுவாகக் கரைந்து போகிறது. ஆற்று நீரும் பழுப்பு நிறமாகி, குடிநீராக்கும் செலவு ஏறுகிறது.

முற்காலத்தில் மக்கள் விறகுக்காகவும், ஈயத்தை ஒத்த வெள்ளீயத்தை உருக்குவதற்கான கரிக்காகவும் பீட்டை வெட்டினர். ஓக்ஹாம்டனைச் சேர்ந்த பிராங்க் பில்பாட்ஸ் என்பவர், கால்நடைகளும் குதிரைகளும் சதுப்பில் புதையாமல் கடக்க, பீட்டை வெட்டி உறுதியான தரை தெரியும்வரை பாதைகள் அமைத்தார். அவர் 1909-இல் மறைந்தபின், அப்பாதைகளின் முனையில் நினைவுக் கற்கள் நடப்பட்டன. மந்தை மேய்ப்போருக்கு அவை இன்றும் வழிகாட்டுகின்றன.

இக்காலத்தில் வேலை வேறு திசையில் நடக்கிறது. 2010-ஆம் ஆண்டு முதல் டார்ட்மூரின் சில இடங்களில், அரிப்புப் பள்ளங்களின் குறுக்கே மரத்தாலும் பீட் கட்டிகளாலும் சிறு தடுப்புகள் இட்டு நீரை நிறுத்தும் பணி மேற்கொள்ளப்பட்டது. நீர் தேங்கியதும் பாசி மீண்டும் படர்கிறது. மேய்ச்சல் உரிமை உள்ள விவசாயிகளுக்கு, ஈரம் மிகுந்தால் மாடுகள் புதையுமே என்ற கவலையும் உண்டு. அது நியாயமான கவலையே. மேட்டில் செய்யும் எந்தப் பணியும் அங்கு மேய்ப்போரின் சம்மதத்தோடு நடந்தால்தான் நிலைக்கும்.

முடிவுரை

கிரான்மியரில் பிறந்த மேற்கு ஓக்மென்ட் ஆற்றின் குறுக்கே, ஓக்ஹாம்டனுக்கு மேலே மெல்டன் என்னுமிடத்தில் 1972-இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் அணை வேண்டாம் என்று எதிர்ப்பு எழுந்தும், குடிநீர்த் தேவை கருதி அது எழுந்தது. கேயரின் ஆவி இறைத்ததாகச் சொல்லும் நீர் இன்று அந்தத் தேக்கத்தில் நிற்கிறது.

மேலே மண் கரை காக்க ஆளின்றிக் குளம் போயிற்று. கீழே பெரும் பொருட்செலவில் கான்கிரீட் கரை எழுப்ப நேர்ந்தது. முந்தியதை ஒரு சிறு அடைப்பால் காத்திருக்கலாமோ என்னவோ. பிந்தியதற்கு அரசாங்கமே வேண்டியிருந்தது. கரையில் கசிவு கண்ட அன்றே மண் வெட்டியை எடுக்கும் ஊர், கதையை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, குளத்தையும் வைத்துக்கொள்ளலாம்.