கந்தையும் காந்தாவும்

கந்தை என்றால் வறுமையின் அடையாளம் என்றே கொள்கின்றோம். ஒட்டுப்போட்ட ஆடையைக் குறித்த 'கந்தா' என்னும் வடசொல்லே தமிழிற் கந்தை ஆயிற்று என்பர். வங்காளத்திலோ அச்சொல் 'காந்தா' என நின்று, பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைக்குப் பெயராயிற்று. மகப்பேற்றுக்கும் மணத்துக்கும் அங்குள்ளோர் அதனைப் பரிசாக வழங்குவர். ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்னும் கதைப்பாட்டின் தலைவி, தன் துயர் முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, அதனைத் தன் கல்லறை மீது விரிக்குமாறு வேண்டி இறக்கின்றாள். எமக்கு இழிவாய்ப் போன சொல் அவர்க்குக் காவியமாயிற்று.

சொல்லாராய்ச்சியோடு நின்றிருப்பேன், ஊசியைக் கையில் எடுப்பித்தது 2022ஆம் ஆண்டின் நெருக்கடி. ரூபாவின் பெறுமதி சரிய, மாதச் சம்பளத்தை நம்பிய ஆசிரியர்க்குப் புதுப்போர்வை ஆடம்பரப் பொருளாயிற்று. மார்கழிப் பனியோ விலைவாசி பார்த்து வருவதன்று. பண்டிதர் தையல் பழகுவதா என நகைத்தவரும் உளர். ஏட்டுச் சுவடியைத் துளையிட்டு நூல் கோத்த மரபினர்க்கு ஊசி அந்நியமாகுமோ?

இதற்கு வேண்டிய பொருள் வீட்டிலேயே உண்டு. உடுத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலையே சிறந்தது. புதுத்துணி பின்னர்ச் சுருங்கித் தையலைக் கெடுக்கும். செயற்கை இழைச் சேலை வியர்வையை உறிஞ்சாது, அதனை விலக்குக. சேலைகளை வெளுத்து, வெயிலிற் காயவைத்து, மூன்று நான்கு மடிப்பாகத் தரையில் விரித்தல் வேண்டும். நடுவில் பழைய வேட்டியையும் வைக்கலாம். மூலைகளுக்குப் பாரம் வேண்டும்; எம் வீட்டில் அம்மிக்குழவி ஒரு மூலையைக் காத்தது. சுருக்கமின்றி நீவி, நீண்ட தையல்களால் முதலிற் பிணைத்துக்கொள்க. பின்னரே நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறுசிறு தையலாக நூலை ஓட்டுதல் வேண்டும். ஓரத்திலே தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவிற் குவியும். முன்னாளில் வங்கப் பெண்கள் நூலும் வாங்கினாரல்லர். சேலைக் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவிக்கொண்டனர். யான் நூலுக்கு மட்டும் பணம் செலவிட்டேன்.

இனி, என்னை நெடுநாள் தடுத்து நிறுத்திய ஒன்றைக் கூறவேண்டும். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது அன்னையார் மூட்டையிற் கட்டிவந்த சேலை ஒன்று எம்மிடம் உண்டு. அவர் மறைந்தபின் அதனை உடுப்பாரும் இல்லை, எறிவாரும் இல்லை. மடிப்பு மடிப்பாக இற்றுவந்தது. கத்தரிக்கோலை அதன்மேல் வைக்க என் கை துணியவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் ஜீஸ் பெண்ட் என்னும் ஊர் உண்டு. அடிமைகளாயிருந்தோரின் வழிவந்தோர் அங்கு வாழ்கின்றனர். கணவனை இழந்த மிசூரி பெட்வே என்னும் பெண், அவன் வயலில் உடுத்துழைத்த ஆடைகளை வெட்டி இணைத்து 1942இல் போர்வையாக்கினாள். அவன் நினைவாக அதனைப் போர்த்துக்கொள்வதற்கே அவ்வாறு செய்தாள். அவ்வூரார் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்ரன் நகர நுண்கலை அரும்பொருளகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளிலும் அவை இடம்பெற்றன. புகழை விட, வெட்டத் துணிந்த அக்கையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

அத்துணிவு எனக்கில்லை. ஆயினும் காந்தா முறையிற் சேலையை வெட்டவே வேண்டியதில்லை. முழுமையாக மடித்து உள்ளே வைக்கலாம். அன்னையார் சேலையை நடு மடிப்பாக வைத்தேன். வெளியே தெரியாது, இற்ற இழைகளை இருபுறத்துத் துணியும் தாங்கும்.

இதுவரை பாதிக்கு மேல் தைத்தாயிற்று. கரைப்பக்கம் வெறிதாகக் கிடக்கின்றது. அங்கே தாமரை வேண்டும் என்கிறார் என் இல்லாள். பனை வேண்டும் என்கிறேன் யான். வழக்கு இன்னும் தீரவில்லை.