வரைகலை மென்பொருள் அடிக்கடி நின்றுபோவது ஏன்?

இன்றைய விஞ்ஞான யுகத்தில் கணிப்பொறி நுழையாத துறையே இல்லை என்றால் அது மிகையாகாது. முன்பெல்லாம் பள்ளி ஆண்டு மலரின் அட்டைப்படத்தை ஓவிய ஆசிரியை தூரிகையால் வரைந்து தருவார் என்றும், அச்சகத்தார் அதற்குப் ‘பிளாக்’ செய்து அச்சிடுவார்கள் என்றும் எங்கள் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ அந்த வேலை முழுவதையும் கணிப்பொறியிலேயே முடித்துவிடலாம். கோரல்டிரா 1989-லும், ஃபோட்டோஷாப் 1990-லும் வெளிவந்தன. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் 1996-லும், இங்க்ஸ்கேப் 2003-லும் வந்தன.

ஆனால் இந்த அருமையான வேலைக்காரன் சில வேளைகளில் அடம் பிடிப்பதுண்டு. வரைந்துகொண்டிருக்கும்போதே திரை அசையாமல் நிற்கும். அல்லது மென்பொருள் தானாகவே மூடிக்கொள்ளும். சேமிக்காத வேலை அத்தனையும் போயிற்று! இதைத்தான் ‘க்ராஷ்’ என்கிறார்கள். இவ்வாண்டு மலரின் அட்டையைத் தயாரிக்கும் பொறுப்பை சிஸ்டர் எங்கள் நால்வரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அச்சகத்திற்கு அனுப்ப நான்கே நாட்கள் இருந்தபோது, ஒரே பிற்பகலில் ஐந்து முறை இப்படி நின்றுபோயிற்று. அதனால் நாங்கள் கற்றதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் காரணங்களைப் பார்ப்போம். கணிப்பொறியின் நினைவகத்தை நாம் எழுதும் மேசைக்கும், வன்தட்டை அலமாரிக்கும் ஒப்பிடலாம். மேசை சிறிதாக இருந்து, பரப்பும் தாள்கள் பெரிதாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 2480 × 3508 புள்ளிகள் தேவை. அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். அச்சுக்குரிய நான்கு வண்ணங்களுக்கும் புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் வைத்தால், ஒரே அடுக்குக்கு ஏறக்குறைய 35 மெகாபைட் ஆகிறது. பத்து அடுக்குகள் என்றால் 350 மெகாபைட்! மேசை நிறைந்ததும் மென்பொருள் தாள்களை அலமாரியில் தற்காலிகமாக வைக்கப் பார்க்கும். அலமாரியிலும் இடமில்லை என்றால் திணறி நின்றுவிடும். ஆகவே மற்ற மென்பொருள்களை மூடுவதும், வன்தட்டில் தாராளமாக இடம் விட்டு வைப்பதும் முதல் மருந்து.

இரண்டாவது காரணம், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் அட்டை. கணிப்பொறிக்கும் அதற்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் ‘டிரைவர்’ என்ற மென்பொருள் இருக்கிறது. அது பழையதாகவோ பழுதாகவோ இருந்தால் பேச்சு தடுமாறும். மூன்றாவது, மென்பொருள் நம் விருப்பங்களைக் குறித்துவைக்கும் அமைப்புக் கோப்பு கெட்டுப்போவது. ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாலும், கோரல்டிராவைத் திறக்கும்போது எஃப்8 விசையை அழுத்திக்கொண்டிருந்தாலும், அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். நாமாகச் செய்துவைத்த மாற்றங்கள் அப்போது அழிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது, அச்சுப்பொறி. சில மென்பொருள்கள் திறக்கும்போதே தாளின் அளவை அச்சுப்பொறியிடம் கேட்கும். அந்த அச்சுப்பொறி கழற்றப்பட்டிருந்தாலோ, அதன் டிரைவர் கெட்டிருந்தாலோ, பதில் வராமல் காத்து நிற்கும். ஐந்தாவது, பழுதடைந்த எழுத்துரு. தமிழில் அட்டை தயாரிப்போர் விதவிதமான எழுத்துருக்களைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். அவற்றுள் ஒன்று கெட்டிருந்தாலும் போதும். இவை தவிர, சேமித்த கோப்பே சிதைந்திருக்கலாம். தூசி அடைத்து விசிறி சுழலாமல் பொறி சூடேறியிருக்கலாம். உரிமமின்றி நகலெடுத்த மென்பொருளாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது ஏழாவது கட்டளைக்கும் விரோதமானது; நச்சு நிரல்களையும் கூடவே அழைத்துவரும்.

இத்தனை காரணங்களில் நமக்கு வந்தது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் நாங்கள் பெரிய தவறு செய்தோம். அன்று காலை ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, விளையாட்டு விழாப் புகைப்படங்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து எங்கள் கணிப்பொறியில் செருகியிருந்தாள். “உன் பென் டிரைவில்தான் வைரஸ் இருக்கிறது. நீ வந்து தொட்ட பிறகுதான் இப்படி ஆயிற்று” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கணிப்பொறி அறைக்கு வரவும் இல்லை. வைரஸ் சோதனை செய்து பார்த்தோம்; பென் டிரைவிலும் ஒன்றுமில்லை, கணிப்பொறியிலும் ஒன்றுமில்லை. மென்பொருளோ முன்போலவே நின்றது.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, “ஒவ்வொரு முறை நிற்கும்போதும், அதற்குச் சற்றுமுன் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்” என்றார்கள். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததாம். கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி பணியாற்றிய குழுவினர் அதை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள் என்ற செய்தியையும் சிஸ்டர் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னபடியே செய்தோம். முதலில் ஒன்றுமில்லாத புதிய கோப்பைத் திறந்து வேலை செய்தோம். அதிலும் நின்றது. ஆகவே குற்றம் எங்கள் அட்டைக் கோப்பில் இல்லை. அதே அட்டைக் கோப்பு பக்கத்துக் கணிப்பொறியில் ஒழுங்காக வேலை செய்ததும் இதையே உறுதிப்படுத்தியது. அடுத்து, அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தோம். பயனில்லை. கிராஃபிக்ஸ் அட்டையின் உதவியை நிறுத்திப் பார்த்தோம். அதுவும் பயனில்லை. பிறகு நோட்டைப் புரட்டினோம். எழுதியிருந்த 11 முறைகளில் 9 முறை, எழுத்துருப் பட்டியலைத் திறந்தபோதே நின்றிருந்தது! அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முந்தின நாள் மாலை, இலவசம் என்றதும் ஆசைப்பட்டு, 64 புதிய எழுத்துருக்களை இறக்கி நிறுவியவர்கள் நாங்களேதான்.

அறுபத்து நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டுமா? வேண்டாம். பாதியை, அதாவது 32-ஐ நீக்கிவிட்டுப் பாருங்கள். மென்பொருள் நிற்காவிட்டால், குற்றவாளி நீக்கியவற்றுள் இருக்கிறது. நின்றால், மீதியுள்ளவற்றுள் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடியும் 16, 8, 4, 2, 1 என்று பாதியாக்கிக்கொண்டே போனால் ஆறே சோதனைகளில் விடை கிடைத்துவிடும். கணித வகுப்பில் படித்த 2-இன் அடுக்குகள் இப்படிக் கைகொடுக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆறாவது சோதனையில் அந்த ஒற்றை எழுத்துரு அகப்பட்டது. அதை நீக்கியபின் இரண்டு நாட்களும் மென்பொருள் ஒரு முறைகூட நிற்கவில்லை.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழி எங்களுக்கே பொருந்திற்று. மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும் நால்வருமாகச் சென்று அத்தங்கையிடம் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை அக்கா” என்றாள். அவள் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டாள். ஆனால் பென் டிரைவைச் செருகுமுன், “போடலாமா அக்கா?” என்று இன்றும் கேட்கிறாள். அந்தக் கேள்வி எங்களை உறுத்துகிறது. எழுத்துருவை நீக்குவது எளிது. சொன்ன சொல்லை நீக்க முடிவதில்லை.

தோழியரே, வருமுன் காக்கும் வழிகளையும் நினைவில் கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது கண்ட்ரோலையும் எஸ் விசையையும் அழுத்திச் சேமியுங்கள். தானே சேமிக்கும் வசதி இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே கோப்பின் மேல் திரும்பத் திரும்பச் சேமிக்காமல், அட்டை-1, அட்டை-2 என்று எண்ணிட்டு வையுங்கள். ஒன்று சிதைந்தாலும் முந்தியது இருக்கும். வேறோர் இடத்திலும் ஒரு நகல் இருக்கட்டும். நம்பகமான இடத்திலிருந்து, தேவையான எழுத்துருக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பொறி ஆண்களுக்கே உரியது என்று எவரேனும் சொன்னால், அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லரைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி, 1965-இல் அப்பட்டம் பெற்ற இந்தக் கன்னியரே. பின்னர் கிளார்க் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தலைமை தாங்கினார்.

இதோ, உங்கள் கைகளில் தவழும் இம்மலரின் அட்டை குறித்த நாளில் அச்சகம் சென்று சேர்ந்தது. அதில் உள்ள விளையாட்டு விழாப் புகைப்படம், அந்தத் தங்கையின் பென் டிரைவில் வந்ததுதான். பதறாமல் ஆராய்வோம், பிறரைச் சுட்டுமுன் நம்மையே சோதித்துப் பார்ப்போம். அதற்கான பொறுமையை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி